பத்து, இரண்டு, ஆறு

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மதியத்துக்கு மேல் அலுவலகத்தில் எந்தக் கணினியும் ஓடவில்லை. பிரிண்டருக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காகிதம் சிக்கினால் யாராவது வாழைக்கன்றைத் திட்டப்போகிறார்கள்.

சர்வர் அறைச் சாவி என்னிடம் இருப்பதால் அங்கே பொட்டு வைப்பதும் என் வேலை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று முதலாளி நாச்சிமுத்து சார் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சந்தனம் குழைப்பது பிடிக்கும். கட்டி கரைந்து விரலுக்கு வழுவழுப்பாகும் அந்தக் கட்டம் பிடிக்கும்.

மூன்று மணிக்குக் கோபியிலிருந்து கோகிலவாணி அக்கா கூப்பிட்டார்.

"எல்லாத்துக்கும் வெச்சாச்சா கண்ணு?"

"ஆச்சுங்க்கா."

"என்ர டாங்கிளுக்கு?"

"டப்பா மேல பெருசா ஒண்ணு வெச்சிருக்கேன். ஆறுக்கும் சேர்த்து."

"அதெல்லாம் செல்லாது. என்ர நாற்காலியத் தூக்கியாச்சு. மேசையில தண்டபாணி அவரு சாமானத்த அடுக்கிட்டாரு. அந்த ஆபீஸ்ல என்னுதுன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அதுக்குத் தனியா வை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வைத்தேன். படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அது அவருடைய வாட்ஸ்அப் முகப்புப் படமாகிவிட்டது. என் உள்ளங்கை, அதன் நடுவில் பொட்டு வைத்த டாங்கிள்.

கிளம்பும்போது சார் எல்லோரிடமும் சொன்னார்: "வெச்ச பொட்ட யாரும் தொடைக்காதீங்க. அதுவா உதிரோணும்."

பொரி பொட்டலத்தை ஹாஸ்டலுக்கு எடுத்து வந்தேன். இரவுச் சாப்பாடு அதுதான்.

அக்டோபர் 3, வெள்ளி

கோகிலா அக்காவின் வேலை இரண்டு முறை பாதியில் நின்றது.

ஒரு சிக்கல் வந்தால், ஒன்றும் தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல் எழுதிப் பார்ப்பது என் வழக்கம். எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் அலுவலகம் பம்ப் உடல்களை வார்ப்பதற்கான அச்சுகளை வடிவமைக்கிறது. உருக்கிய இரும்பு அச்சுக்குள் எப்படி ஓடும், எங்கே முதலில் குளிரும், எங்கே ஓட்டை விழும் என்பதையெல்லாம் ஒரு மென்பொருள் முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்டும். ஒரு கணக்கீடு முடிய ஏழு மணி நேரம் ஆகும். இந்த மென்பொருள் திறக்க வேண்டுமென்றால் பென்டிரைவ் போன்ற ஒரு சிறு சாவி கணினியில் செருகியிருக்க வேண்டும். அதுதான் டாங்கிள். எங்களிடம் ஆறு உண்டு.

முன்பு டாங்கிள் அவரவர் கணினியில் இருந்தது. போன வருடம் எல்லாக் கணினிகளையும் சர்வருக்குள் கொண்டுபோனோம். விர்ச்சுவல் மெஷின்கள். மென்பொருளாலேயே கட்டிய, உடம்பில்லாத கணினிகள். எங்கிருந்து வேண்டுமானாலும் அவற்றைத் திறந்து வேலை செய்யலாம். ஆனால் உடம்பில்லாததில் துளை ஏது? சாவியை எங்கே செருகுவது? அதற்காக நான் வாங்கச் சொன்னதுதான் நெட்வொர்க் யூஎஸ்பி ஹப். ஆறு டாங்கிளும் அந்தச் சின்ன டப்பாவில் வரிசையாக நிற்கின்றன. டப்பா அவற்றை வலைப்பின்னல் வழியாக ஆறு விர்ச்சுவல் மெஷின்களுக்கும் கொண்டுசேர்க்கிறது. தண்டபாணி அண்ணா அதற்கு வைத்த பெயர் பஞ்சாயத்து டப்பா.

அந்த டப்பா இருப்பதால்தான் கோகிலா அக்கா கோபியில் தன் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். அவர் கணவர் இரண்டு வருடத்துக்கு முன் சத்தி ரோட்டில் நடந்த விபத்திலிருந்து படுக்கையில் இருக்கிறார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

இப்போது சிக்கல்: அக்காவின் டாங்கிள் மட்டும் திடீரென்று காணாமல் போகிறது. ஓரிரு நொடியில் திரும்பி வந்துவிடுகிறது. ஆனால் அந்த ஓரிரு நொடி போதும், கணக்கீடு செத்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எழுதிவிட்டேன். ஒன்றும் தெளியவில்லை.

அக்டோபர் 4, சனி

செருப்பு வார் அறுந்தது. ஹோப் காலேஜ் பாலத்தடியில் தைக்கக் கொடுத்தேன். துணி துவைத்தேன். அறைத்தோழி ஜூலையில் கல்யாணமாகிப் போன பிறகு மொட்டை மாடிக் கொடி முழுக்க என்னுடையது.

அக்டோபர் 6, திங்கள்

இன்றும் இரண்டு முறை. காலையில் ஹப்புக்குப் போகும் வயரை மாற்றினேன். பிறகு ஹப்பை இயக்கும் டிரைவர் மென்பொருளை எடுத்துவிட்டுப் பழைய பதிப்பைப் போட்டேன். சும்மா இருந்தால் யூஎஸ்பிக்கு மின்சாரத்தைக் குறைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அதையும் நிறுத்தினேன். மாலை ஆறு மணிக்கு மறுபடி போயிற்று.

"மறுக்காவும் போச்சு கண்ணு," என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தண்டபாணி அண்ணா என் மேசைக்கு வந்து நின்றார். அவர்தான் வடிவமைப்புக் குழுவின் தலைவர்.

"அந்த டாங்கிளக் கழட்டி வேற துளையில மாத்திப் பாத்தீங்களா?"

"கழட்டக் கூடாதேங்கண்ணா."

"எதுக்கு?"

"ரூல் இருக்கே."

விதி உண்மைதான். இரண்டு வருடத்துக்கு முன் யாரோ டாங்கிளைப் பாதியில் பிடுங்கி, அது பூட்டிக்கொண்டு, வெளிநாட்டிலிருந்து திறந்து தர மூன்று வாரமானது. அப்போது சார் சொல்லி எழுதி ஒட்டியது: 'அனுமதி இல்லாமல் டாங்கிளைக் கழற்றக் கூடாது.' இப்போது அது சர்வர் நிற்கும் ரேக்கின் கதவில் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது.

அக்டோபர் 7, செவ்வாய்

சார் அறையில் கூட்டம். தண்டபாணி அண்ணா, நான், சார்.

தீபாவளிக்கு முன் ஒரு பெரிய பம்ப் உடலின் கணக்கீட்டை வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். வருகிற பதினெட்டாம் தேதி. அந்த வேலை கோகிலா அக்காவுடையது. வடிவம் முழுக்க அவர் கையால் வந்தது, வேறு யாரும் எடுத்துச் செய்ய முடியாது.

"ஒண்ணும் வேண்டாமுங்க," என்றார் தண்டபாணி அண்ணா. "பழையபடி டாங்கிள அவங்கவங்க மேசைக்கே குடுத்துருங்க. எனக்கு இந்தப் பஞ்சாயத்தே வேண்டாம்."

"அப்ப கோகிலவாணி?"

"வந்து ஒக்காரட்டுமுங்க."

"அது எப்படி வரும்? ஊட்டுக்காரரு அப்படிக் கெடக்கறாரு."

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் அல்ல. நூற்றிருபது பேருக்கு வேலை கொடுக்கிறவர்.

"ஏனுங் அம்மணி, பதினேழாந் தேதி வரைக்கும் பாருங்க. ஒரு கணக்கு முழுசா முடியோணும். இல்லீன்னா டப்பாவ எடுத்துரலாம். அந்தப் புள்ளைகிட்ட நானே பேசிக்கறேன்."

எனக்குப் பத்து நாள். அக்காவுக்கும் பத்து நாள். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

அக்டோபர் 8, புதன்

புது விர்ச்சுவல் மெஷின் ஒன்று கட்டி, அக்காவின் டாங்கிளை அதற்குக் கொடுத்தேன். மதியம் இரண்டு மணிக்குப் போனது. மெஷின் மேல் தவறில்லை.

சர்வர் அறையில் ஊதுபத்தி வாசம் இன்னும் போகவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

இன்று ஒரு முட்டாள்தனம் செய்தேன்.

ஹப்பின் பதிவேட்டையும் விர்ச்சுவல் மெஷினின் பதிவேட்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு பத்தியில் டாங்கிள் போன நேரம். இன்னொரு பத்தியில், விசைப்பலகையும் மவுசும் அசையாமல் இருந்த நேரம். இரண்டாவது பத்தி எனக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை. கருவி தானாகவே அதையும் சேர்த்துக் கொடுத்தது.

டாங்கிள் எப்போதும் இரட்டைப்படை மணியில்தான் போகிறது. பத்து. இரண்டு. ஆறு. ஒரு முறைகூட பதினொன்றரைக்கோ மூன்றே காலுக்கோ போகவில்லை.

கோகிலா அக்காவும் இரட்டைப்படை மணியில்தான் எழுந்து போகிறார். ஒவ்வொரு நாளும். பதினைந்து, இருபது நிமிடம்.

அதைப் பார்த்தபோது, யாருடைய வீட்டு ஜன்னலோரமோ தெரியாமல் நின்றுவிட்டதுபோல் இருந்தது. அக்காவிடம் தினமும் ஒன்பது ஐந்துக்குப் பேசுகிறேன், வேலை சம்பந்தமாக. அவர் எழுந்து போவதை ஒருநாளும் சொன்னதில்லை.

இதைத் திரையிலேயே வைத்திருக்க வேண்டும். கோடு போட்டுப் பார்க்க வசதி என்று பொது பிரிண்டருக்கு அனுப்பினேன். அதற்குள் சார் கூப்பிட, போய்விட்டு வந்தேன். காகிதம் தண்டபாணி அண்ணா கையில் இருந்தது.

"என்னுங்க இது, ரெண்டு மணிக்கு ஒருக்கா உங்கக்கா எங்கெங்கயோ போறாங்க. அவங்க போற நேரத்துலதான் டாங்கிளும் போகுது. லேப்டாப்ப மூடி வெச்சுட்டுப் போறாங்களோ என்னமோ."

"மூடினாலும் டாங்கிளுக்கு ஒண்ணும் ஆகாதுங்கண்ணா. டாங்கிள் இங்கதான இருக்கு."

"அப்ப எப்படிங்க இப்படிக் கச்சிதமா ஒத்துப்போகுது?"

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அக்டோபர் 10, வெள்ளி

காலை ஒன்பது ஐந்து.

"ஏங் கண்ணு, தூங்கலையா? கொரல் ஒரு மாதிரி இருக்குது."

"தூங்கினேனுங்க்கா."

"என்ர டாங்கிளுக்கு யாரோ கண்ணு வெச்சுட்டாங்களோ என்னமோ. டிபியில போட்டிருக்கக் கூடாது. மாத்திரலாமான்னு பாக்கறேன்."

"வேண்டாங்க்கா. இருக்கட்டும்."

எதற்கு அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நீங்கள் ஏன் எழுந்து போகிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்பார். பதினேழாம் தேதியைப் பற்றியும் சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

நாள் முழுவதும் அறையில். கடிகாரங்களின் வரலாறு பற்றிய புத்தகம் ஒன்றை முடித்தேன். ஒரே உத்தரத்தில் மாட்டிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் சிறிது நேரத்தில் ஒத்து ஆடத் தொடங்கிவிடுமாம். ஒன்றின் அசைவு மரத்தின் வழியாக மற்றதற்குப் போகும். கோவையில் ஒரு டப்பா, கோபியில் ஒரு பெண். நடுவில் எண்பது கிலோமீட்டர். எந்த உத்தரம் அது?

மதியம், தற்செயலாக என்றுதான் எழுத வேண்டும், படுக்கையிலேயே இருக்கிற நோயாளிகளைப் பற்றித் தேடிப் படித்தேன். இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாதவருக்கு உடம்பு அழுந்துவது தெரியாது. ஒரே பக்கம் படுத்திருந்தால் தோல் இற்றுப் புண்ணாகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுத்து வந்தேன். மடித்தேன். மறுபடி பிரித்து மடித்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

விடை வியாழக்கிழமையே காகிதத்தில் இருந்தது. நான் பார்க்கவில்லை.

டாங்கிள் போவது பத்து, இரண்டு, ஆறு. அக்கா எழுவது பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. அக்கா எழுவதுதான் காரணம் என்றால் பன்னிரண்டுக்கும் நான்குக்கும் ஏன் ஒருமுறைகூடப் போகவில்லை? இரண்டு கடிகாரங்கள் ஒத்து ஆடவில்லை. ஒன்று இரண்டு மணிக் கடிகாரம். இன்னொன்று நான்கு மணிக் கடிகாரம். பாதி நேரம் சந்தித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எங்கள் அலுவலகத்தில் என்ன நடக்கிறது?

சர்வர் அறையில் ஏசி இரண்டு. ஒன்று ஓடும்போது மற்றது ஓய்வெடுக்கும். டைமர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடும். எட்டுக்கு ஒன்றாம் ஏசி. பத்துக்கு இரண்டாம் ஏசி. பன்னிரண்டுக்கு ஒன்று. இரண்டுக்கு இரண்டு.

இரண்டாம் ஏசி தொடங்குகிற நேரம்: பத்து, இரண்டு, ஆறு.

தண்டபாணி அண்ணாவைத் தேடிப் போனேன். காகிதத்தை வெள்ளிக்கிழமையே சாரிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"நான் ஒண்ணும் கோள் மூட்டலைங்க. பாத்தத குடுத்தேன். அந்தப் பொண்ணு நல்லா வேலை செய்யும், அது எனக்குந் தெரியும்."

அக்டோபர் 14, செவ்வாய்

மதியம் ஒன்று ஐம்பத்தைந்துக்கு சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். டார்ச்சை ஹப்பின் மேல் பிடித்தேன். ஆறு டாங்கிள், ஆறு பச்சை விளக்கு.

இரண்டு மணி. ஒன்றாம் ஏசி மூச்சு விட்டு அடங்கியது. இரண்டாம் ஏசி ஒரு குலுக்கலோடு எழுந்தது. அதன் மடல் திறந்து முதல் காற்று நேராக ரேக்கின் மேல்தட்டில் விழுந்தது. ஹப்பின் வயர் அசைந்தது. வயர் டப்பாவை இழுத்தது, ஒரு நூலளவு. ஐந்து விளக்குகள் அப்படியே இருந்தன. நான்காவது விளக்கு, அக்காவுடையது, அணைந்து எரிந்தது.

காற்றோடு வாசமும் வந்தது. அது ஊதுபத்தி இல்லை. நான் ஊதுபத்தி ஏற்றவே இல்லை. அங்கே புகையைக் கண்டால் அலாரம் அடிக்கும். அது சந்தனம்.

கைபேசியை எடுத்து அக்காவின் முகப்புப் படத்தைப் பெரிதாக்கினேன். இரண்டு வாரமாக ஒவ்வொரு நாளும் பார்த்த படம்.

இங்கே பொய் எழுத முடியாது. ஒன்றாம் தேதி, அக்கா கேட்ட பிறகு, நான் அந்த டாங்கிளைக் கழற்றினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. டப்பாவில் நெருக்கமாக நிற்கும்போது பொட்டு வைத்தால் படத்தில் தெரியாது என்று தோன்றியது. கையில் வைத்து, மற்ற கருவிகளுக்கு வைத்ததைவிடத் தாராளமாக, முன்னும் பின்னும் வைத்தேன். ஈரம் காய்வதற்குள் திரும்பச் செருகினேன். படத்தில் தெளிவாகத் தெரிகிறது. சந்தனம் உலோக வாயின் விளிம்பைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது. இப்போது அது காய்ந்து தகடாகி, சாவிக்கும் துளைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அசையாதவரை தொட்டுக்கொண்டிருக்கும். அசைந்தால் விட்டுவிடும்.

வயரை மாற்றினேன், டிரைவரை மாற்றினேன், மெஷினையே புதிதாகக் கட்டினேன். அந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. விதி இருக்கிறது என்று சொன்னேன். எனக்கு அப்போதே தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கதவை மட்டும் நான் ஏன் தட்டாமல் தாண்டித் தாண்டிப் போனேன் என்பதற்கு வேறு பதிலும் இல்லை.

அக்டோபர் 15, புதன்

சாரிடம் அனுமதி கேட்டேன். "கோகிலா அக்கா டாங்கிளக் கழட்டிச் சுத்தம் பண்ணணுங்க சார்." பண்ணுங்க என்றார். எதற்கென்று கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

உணவு இடைவேளையில் எல்லோரையும் வேலையைச் சேமித்து வெளியே வரச் சொல்லிவிட்டுக் கழற்றினேன். மருந்துக்கடை ஸ்பிரிட், காது குடையும் பஞ்சுக் குச்சி, பல்தேய்க்கும் பழைய பிரஷ். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது. துளைக்குள்ளும் இருந்தது. ஒரு மணி நேரம் உலரவிட்டுச் செருகினேன். இரண்டாம் ஏசி ஆறு மணிக்கு வந்தபோது விளக்கு அசையவில்லை.

மகிழ்ச்சியோடு போய்ச் சொன்னேன். சார் மேசையில் அந்தக் காகிதம் இருந்தது.

"டப்பா சரியாச்சு, சந்தோசம். ஆனா அம்மணி, இந்தப் புள்ள ரெண்டு மணிக்கு ஒருக்கா எந்திரிச்சுப் போகுதே. தண்டபாணி சொல்றதும் நாயமாத்தான படுது? நீங்க பாவம் பாத்து டப்பா மேல பழியப் போடறீங்களோ?"

"இல்லீங்க சார்."

"அப்ப காரணம் என்னன்னு எழுதிக் குடுங்க. தெளிவா."

அக்டோபர் 16, வியாழன்

காலையில் ஒரு பக்க அறிக்கை. காரணம் என்ற இடத்தில்: 'அக்டோபர் 1 அன்று பூஜையின்போது நான் அனுமதியின்றி டாங்கிளைக் கழற்றி, அதில் சந்தனம் இட்டு, ஈரத்துடன் திரும்பச் செருகியதால்.' கீழே என் பெயர், நித்திலா.

சார் படித்தார். மறுபடி படித்தார்.

"பூஜையில வெச்ச சந்தனத்தாலன்னு பேப்பர்ல வேண்டாமே அம்மணி. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. தூசின்னு போட்டுருங்க. முடிஞ்சுது."

என் பெயர் எங்கேயும் வராது. ஒரு சொல்லை மாற்றினால் போதும். ஒரு கணம் பேனாவைக்கூட எடுத்தேன்.

"தூசின்னா யாரும் நம்ப மாட்டாங்க சார். அந்த ரூமுக்குள்ள செருப்பு போட்டுக்கூடப் போறதில்ல. நான் அக்காவக் காப்பாத்தறதுக்கு எழுதினேன்னுதான் நெனப்பாங்க. நீங்களும் நெனப்பீங்க."

அவர் அறிக்கையை மேசையில் வைத்தார்.

"சாமி மேல எழுதலைங்க சார். என் மேலதான் எழுதியிருக்கேன்."

"ஏன், மத்த அஞ்சு டாங்கிளுக்கு வெக்கலியா?"

"டப்பா மேல பொதுவா வெச்சேன். இதுக்குத் தனியா வெக்கச் சொல்லி அக்கா கேட்டாங்க. ஆபீஸ்ல அவங்களுதுன்னு இருக்கறது அது ஒண்ணுதான்னாங்க."

சார் ஜன்னல் பக்கம் பார்த்தார். அக்காவின் பழைய மேசை அங்கிருந்து தெரியும். அதன் மேல் தண்டபாணி அண்ணாவின் மாதிரி அச்சுகள்.

"அது எந்திரிச்சுப் போறது?"

"அத நான் எடுத்திருக்கவே கூடாதுங்க சார். டாங்கிளுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. பன்னெண்டுக்கும் நாலுக்கும் அக்கா எந்திரிக்கறாங்க, டாங்கிள் போகல. காகிதத்துலயே இருக்கு."

சார் காகிதத்தை எடுத்து விரலால் வரிவரியாகத் தடவினார். பன்னிரண்டு. நான்கு. பிறகு அதை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். அறிக்கையில் கையெழுத்திட்டார்.

"அடுத்த வருசம் பொட்ட முதுகுல வெய்யுங்க அம்மணி. வாயில வெக்காதீங்க."

கதவு வரை போனபோது கூப்பிட்டுச் சொன்னார்: "கழட்டுனது தப்பு. அது தப்புதான்."

ஆமாம் என்றேன்.

மாலை கோகிலா அக்காவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம். பதினேழாம் தேதி. பதிவேட்டில் இரண்டாவது பத்தி. அதைப் பிரிண்டருக்கு அனுப்பியது. முடித்ததும் இணைப்புப் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"நான் எந்திரிச்சுப் போறதெல்லாம் அதுல வருமா?"

"வந்துச்சுங்க்கா. இப்ப நிறுத்திட்டேன். இனிமே யாருக்கும் வராது."

"எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க்கா. படிச்சேன்."

"படிச்சியா. கேட்டிருக்கலாமில்ல கண்ணு" என்றார். "சொல்லியிருப்பேனே."

வைத்துவிட்டார்.

அக்டோபர் 17, வெள்ளி

ஒன்பது ஐந்துக்கு அக்கா கூப்பிடவில்லை. ஒன்பது பத்துக்குத் திரையில் அவருடைய கணக்கீடு தொடங்கியது தெரிந்தது. பூஜ்யம் சதவீதம். நான் கூப்பிடலாமா என்று யோசித்து, கூப்பிடாமல் விட்டேன்.

பத்து மணி தாண்டியது. பதினோரு மணிக்கு தண்டபாணி அண்ணா வந்து, "ஓடுதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பன்னிரண்டரைக்கு மறுபடி வந்தார். பிறகு நான் தேநீர் எடுத்து வரப் போகும்போது பார்த்தேன், ஜன்னலோர மேசையிலிருந்து தன் அச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டிருந்தார். சார் சொன்னாரா, அவராகச் செய்தாரா தெரியாது. கேட்க வேண்டும். கேட்டால் சொல்வார்.

ஒன்று ஐம்பத்தெட்டுக்கு அக்காவின் அழைப்பு வந்தது. ஹெட்செட்டை மாட்டினேன்.

"எத்தன பர்சன்ட் கண்ணு? எனக்கு இங்க பாக்கப் பயமா இருக்குது."

"அறுபத்தெட்டுங்க்கா."

"ரெண்டு மணி ஆகப் போகுது."

"ஆமாங்க்கா."

"சரி, சித்த இரு. அவரத் திருப்பிப் போட்டுட்டு வந்தர்றேன். வெச்சுராத."

முதல்முறையாகச் சொல்லிவிட்டுப் போனார். இணைப்பைத் துண்டிக்கவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு கட்டிலின் முனகல், அக்காவின் மூச்சு, "ஒண்ணு, ரெண்டு, ம்" என்று எண்ணுவது. சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் இரண்டாம் ஏசி குலுங்கி எழுந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூரத்தில் ஓர் ஆண்குரல். இத்தனை நாளில் நான் கேட்டிராத குரல்.

"போன்ல யாரு?"

"ஆபீஸ்லருந்துங்க. எனக்குப் பொட்டு வெச்ச புள்ள."

"ஓ, சாவியக் கெடுத்த புள்ளயா?"

"அதே புள்ளதானுங்க."

இருவரும் சிரித்தார்கள். தலையணையைத் தட்டிச் சரிசெய்யும் சத்தம் கேட்டது.

அறுபத்தொன்பது, எழுபது ஆனது.